ரெஜினா வாங்கிய பன்னிரண்டு சுழியங்கள்

கார் விற்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் பழைய கார் விற்கும் கடையில் நான் முப்பது ஆண்டுகள் நின்றேன். அதில் பாதி நேரம் நிழலில் நின்றேன். தப்புகள் செய்ததெல்லாம் மீதிப் பாதியில்தான். பாதி நேரத்திலேயே இவ்வளவு செய்திருக்கிறேன் என்றால், முழு நேரமும் உழைத்திருந்தால் கடையையே மூட வேண்டியிருக்கும்.

டயரை எப்படிப் பார்ப்பது, மோதிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குக் கைப்பேசியே சொல்லித் தந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. பெயர் கெட்டுப்போய், எந்த பேங்கும் கடன் கொடுக்காத ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார். அப்போது நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் எவ்வளவு நேரம் மூடி வைத்திருக்க வேண்டும்? எனக்கு இது ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்தால் நல்லது.

அன்றைக்கு மாதக் கடைசி வாரம். நான் ஐந்து கார் விற்றிருந்தேன். ஆறு விற்றால் கூடுதல் கமிஷன். எங்கள் முதலாளி தவுக்கே காலையிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆறு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஐந்து விரல்தான் என்பதால், ஆறாவதைக் காட்ட ஒவ்வொரு தடவையும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய தேநீர் ஆறிப்போனதற்கும் அன்று நான்தான் காரணம்.

அந்த நேரத்தில்தான் ரெஜினா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சமையலறையில் போடும் வெள்ளை ரப்பர்க் காலணியோடு, நேரே எங்கள் கடையின் வெள்ளைக் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, இது என்ன விலை?"

"உங்களுக்காகவே கழுவி வச்சிருக்கேம்மா."

"எனக்காகவா? நேத்து எங்க கோலா சாவா ஆளு ஒருத்தரு வந்தாராமே, அவருக்காகவும் கழுவி வச்சிருக்கேன்னு சொன்னீங்களாம்."

"அவருக்கு முன்பக்கம்மா, உங்களுக்குப் பின்பக்கம்."

சிரித்துவிட்டார். வாடிக்கையாளர் சிரித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்று நான் நினைத்திருந்த காலம் அது. உட்கார வைத்துக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் கதை இதுதான். கணவர் இறந்து எட்டு வருடம். ஒரே மகள், இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ரெஜினாவுக்கு டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவச் சேர்ந்தவர் சமையலுக்கு வந்து, அந்த மாதம்தான் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். காலை ஐந்து மணிக்குச் சமையலறையைத் திறக்க வேண்டும். கோலா சாவாவிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு, அதுவும் டிரைவர் மனசு வைத்தால். இதுவரை கூட வேலை செய்யும் ஒருத்தி தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் அடுத்த மாதத்தோடு மலாக்காவுக்கு மாற்றலாகிப் போகிறாள்.

"சாவி என் கையில இருக்குண்ணே. நான் போய்த் தொறந்தாத்தான் அத்தனை நோயாளிக்கும் கஞ்சி. காரு இல்லன்னா சூப்பர்வைசர் வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. நான் திரும்பப் பாத்திரம் தேய்க்கப் போகணும்."

"அதெல்லாம் போக வேணாம்மா. ஐசி கார்டைக் கொடுங்க, சம்பளச் சீட்டைக் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. குளிர்பானத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பேரு கொஞ்சம் கெட்டுப் போயிருக்குண்ணே."

பத்து வருடத்துக்கு முன் அவர் தம்பி வந்து கேட்டிருக்கிறான். 'அக்கா, என் பேர்ல எந்த பேங்கும் கொடுக்க மாட்டேங்கிறான். உன் பேர்ல ஒரு காரு எடுத்துக் கொடு, மாசாமாசம் நான் கட்டுறேன்.' எடுத்துக் கொடுத்தார். எட்டு மாதம் கட்டினான். பிறகு நம் ஊரில் நடக்கும் அந்த வழக்கமான வேலை, சம்போங் பாயார். 'காரை நீ ஓட்டு, மீதித் தவணையையும் நீயே கட்டு' என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை வேறொருவனிடம் கொடுத்துவிடுவது. பேங்குக்கு ஒன்றும் தெரியாது. அந்த வேறொருவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். கடைசியாக அந்தக் காரைப் பார்த்தவர்கள், அது ஜொகூரில் டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பேங்கு அங்கே போய் இழுத்துவந்து ஏலம் விட்டது. ஏலத்தில் தேறாத பாக்கி முழுவதும் ரெஜினாவின் தலையில். சமையலறைச் சம்பளத்தில் ஆறு வருடம் கட்டி முடித்திருக்கிறார்.

"தம்பி இப்ப என்ன செய்யிறாரு?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல எனக்கு முன் வரிசையில நின்னு பாடுறான். நல்லாத்தான் பாடுறான்."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தவுக்கே கண்ணாடிக்கு அப்பால் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருட அனுபவம் என் வாயைத் திறந்துவிட்டது.

"இதுக்கு ஏம்மா கவலை? மக வேலை செய்யிறா இல்ல? அவ பேரு புதுசு. அவ பேர்ல போட்டுருவோம். நீங்க ஓட்டுங்க, நீங்க கட்டுங்க."

ரெஜினா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா பேரு இன்னும் ஒரு கீறல் படாத பேருண்ணே. அதுல நான் ஏறி உக்காரணுமா? எந்தம்பி எங்கிட்ட கேட்டதுக்கும் இப்ப நீங்க சொல்லுறதுக்கும் என்ன வித்தியாசம்? அவனாச்சும் கூடப் பொறந்தவன்."

வாடிக்கையாளர் முன்னால் எனக்குப் பதில் வராமல் போனது மொத்தம் இரண்டு தடவை. ஒன்று இது. மற்றது, என் மனைவி எங்கள் கடையிலேயே கார் வாங்க வந்தபோது.

எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கட்டத் தெரியாதவ இல்லண்ணே நானு. பாருங்க."

அது கூட்டு நோட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இருபது பெண்கள் மாதம் ஆளுக்கு இருநூறு ரிங்கிட் போடுவார்கள். சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவருக்கு அந்த மாதத்து நாலாயிரம். இருபது மாதத்தில் எல்லாருக்கும் ஒரு தடவை வந்துவிடும். தோட்டத்து லயத்து வீட்டில் தொடங்கி இன்று தாமான் குடியிருப்பு வீடு வரைக்கும் நம் பெண்கள் நகை வாங்கியதும் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியதும் பெரும்பாலும் இப்படித்தான். ரெஜினா பதினொரு வருடமாகக் கூட்டுத் தலைவி. யாராவது போடாமல் ஓடினால் தலைவிதான் கைக்காசைப் போட வேண்டும். ஒருத்தி ஓடியிருக்கிறாள். ரெஜினா போட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் இருபது பெயர், இருபது போன் நம்பர், இருபது கையெழுத்து. முதல் பக்கத்தின் உச்சியில் ரெஜினா ஒரு சிலுவை போட்டிருந்தார். பக்கத்திலேயே வேறு மையில் ஒரு பிள்ளையார் சுழி.

"அது பவானி போட்டது. அது இல்லாம அவ காசு போட மாட்டேன்னுட்டா."

என் மூளையில் மணி அடித்தது. மணி அடித்தால் கேட்டை மூட வேண்டும், ரயில் வருகிறது என்று அர்த்தம். நான் திறந்தேன்.

பதினொரு வருடம், ஒரு மாதம் தவறவில்லை! இதைவிட ஒரு பேங்குக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கு பேங்குக்கு நான்கு விண்ணப்பம் தயார் செய்தேன். நாலு இடத்தில் கேட்டால் ஓர் இடத்திலாவது விழாதா என்ற கணக்கு. ஒவ்வொன்றோடும் கூட்டு நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து அழகாக இணைத்தேன். மேலே என் கைப்பட ஒரு கடிதம்: 'இவரைப் போல் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே கிடையாது.' கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டேன். இரண்டு கோடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே இரண்டு பேங்கில் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்குப் போனேன். அங்கே கடன் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். என் மகளை விட இரண்டு வயது சின்னவர்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தார். சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அங்கிள், இது என்னன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"கூட்டு நோட்டும்மா. பதினொரு வருஷம், ஒரு மாசம்கூட..."

"கூட்டுப் போடுறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம் அங்கிள்."

"எல்லாரும் போடுறாங்களேம்மா."

"எல்லாரும் போடுறாங்கதான். ஆனா யாரும் இருபது பேரோட பேரு, போன் நம்பரு, கையெழுத்தோட பேங்குல கொண்டாந்து கொடுக்க மாட்டாங்க. நடத்துறது யாருன்னு மேல நீங்களே லெட்டரும் எழுதிருக்கீங்க. ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க!"

எனக்குக் குளிர்ச்சாதன அறையிலேயே வியர்த்துவிட்டது.

அந்த நகலை மட்டும் உருவி எடுத்து மேசைக்குக் கீழாக என் கையில் கொடுத்தார். "நான் இதப் பாக்கல. நீங்க கொண்டாரல. எங்கம்மா கூட்டுல ரெண்டு கை போடுறதும் எனக்குத் தெரியாது. வேற எங்கயாச்சும் கொடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு இடத்துல."

"இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்க மாட்டாங்க. ஓடுங்க. ஃபைலையே திரும்ப வாங்கிட்டு வாங்க. நாலு பேங்குல ஒரே வாரத்துல கேட்டா அதுவும் கடன் அறிக்கையில தெரியும். இந்தம்மா எங்கயும் கெடைக்காம அலையிறாங்கன்னு எல்லாரும் பயந்துருவாங்க. ஓடுங்க அங்கிள்!"

ஓடினேன். நான் ஓடி அதற்கு முன் இருபது வருடம் இருக்கும். முதல் பேங்கில் என் ஃபைல் தட்டிலேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பேங்கில் அதிகாரி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். கவுண்டரில் ஒரு மலாய்த் தங்கை. வேறொருவருடைய தாள்கள் கலந்துவிட்டன, ஃபைலைக் கொடுங்கள் என்று கேட்டேன். கடமை உணர்ச்சி உள்ள பெண். எது கலந்தது என்று பிரித்துப் பார்த்தார். கூட்டு நோட்டின் பக்கம் அவர் கையில். நல்ல வேளை, எல்லாம் தமிழ் எழுத்து.

"இது என்ன அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

"என் மனைவியின் சமையல் குறிப்பு," என்றேன்.

அவர் விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இருநூறு, இருநூறு, இருநூறு. இருபது தடவை இருநூறு.

"எல்லாமே இருநூறு கிராமா?"

"நாங்கள் எல்லாவற்றையும் சமமாகப் போடுவோம்."

"கையெழுத்து எதற்கு?"

"சாப்பிட்டுப் பார்த்தவர்கள்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நம்பவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் இந்த வயதில் இப்படி மூச்சு வாங்கும் ஆளிடம் இதற்குமேல் கேட்டால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஃபைலைக் கொடுத்துவிட்டார். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அது எந்த அறிக்கையிலும் வராது.

திரும்பி வந்தபோது நம் தமிழ் அதிகாரி எனக்குத் தண்ணீர் வைத்திருந்தார். குடிக்கவிட்டு, ரெஜினாவின் கடன் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். அதில் பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. நேரத்துக்குக் கட்டினால் சுழியம். ஒரு மாதம் பாக்கி என்றால் ஒன்று, இரண்டு மாதம் என்றால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் என் கணக்கு வாத்தியார் போட்ட மார்க்கை மதிக்கும் ஒரே இடம் அதுதான். ரெஜினாவின் கட்டங்கள் காலியாக இருந்தன.

"பாக்கியைக் கட்டி முடிச்சாங்க, சரி. ஆனா தீந்துச்சுன்னு பேங்குலேருந்து லெட்டரு வாங்கல. அதனால பழைய கறை அப்படியே நிக்குது. அதுக்கப்புறம் எந்தக் கடனும் வாங்கல. காலிக் கட்டத்த வச்சு நான் என்ன சொல்லுறது? நல்லவங்கன்னும் தெரியல, கெட்டவங்கன்னும் தெரியல. மொதல்ல லெட்டரை வாங்கச் சொல்லுங்க. அப்புறம் சின்னதா ஒரு மோட்டரு சைக்கிள் தவணையில எடுக்கட்டும், அவங்க சொந்தப் பேர்ல. மோட்டரு கடையில இவ்வளவு பாக்க மாட்டாங்க. பன்னெண்டு மாசம் தேதி தவறாமக் கட்டட்டும். அப்புறம் எங்கிட்ட வாங்க."

"ஒரு வருஷமா? அதுவரைக்கும் வேலை இருக்காதேம்மா."

"மோட்டருல வேலைக்குப் போக முடியாதா அங்கிள்? அவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான் கார் விற்கிறவன். எனக்கு மோட்டார் ஞாபகமே வரவில்லை.

அன்று மாலை ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு பேங்குக்குப் போன கதையைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. இருபது பெண்களின் பெயர் என்று முணுமுணுத்தார். பிறகு சமையல் குறிப்பு வரைக்கும் வந்தபோது, திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

"மோட்டரு ஓட்டுவீங்களாம்மா?"

"எஸ்டேட்டுல பொறந்தவகிட்ட கேக்குற கேள்வியாண்ணே இது?" என்றவர், வெளியே ரோட்டைப் பார்த்தார். "ஓட்டுவேன். அந்த ரோட்டுல அந்த நேரத்துலதான் பயம். ரெண்டு பக்கமும் செம்பனை. லைட்டு இல்ல. பன்றி குறுக்க வரும். மழ வேற."

"வேணாம்னா வேற ஏதாச்சும்..."

"வேற என்ன? பாப்பா பேரா?"

வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரஹாங்கில் ஒரு மோட்டார் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சின்ன மோட்டார், கப்சாய் என்போம், சிவப்பு நிறம். கமிஷன் அந்தக் கடைக்காரருக்கு. எங்கள் தவுக்கே ஐந்து விரலோடு மாதத்தை முடித்துக்கொண்டு, என் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு ரஹாங்காரனுக்கு வேலை செய்கிறாயா என்று கேட்டார். ஒரு வருடம் கழித்து உங்களுக்குத்தான் வியாபாரம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு வருடம் கழித்து நான் இருப்பேனா என்ற சந்தேகம் தெரிந்தது.

அந்த ஒரு வருடம் எனக்குத் தூக்கம் கெட்டது. விடியற்காலையில் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, 'போய்ச் சேர்ந்தாச்சா?' என்று செய்தி அனுப்புவேன். ஐந்து மணிக்குப் பதில் வரும்: கஞ்சிப் பானையின் படம். வேறு ஒரு வார்த்தை இருக்காது. என் மனைவி, காலை ஐந்து மணிக்கு யாரிடமிருந்து இவருக்குச் செய்தி வருகிறது என்று எட்டிப் பார்த்து, கஞ்சிப் பானையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள்.

ஏழாவது மாதம் ஈரத்தில் சறுக்கி விழுந்துவிட்டார். முழங்காலில் ஐந்து தையல். மருத்துவமனையிலேயே வேலை என்பதால் தையல் போட்டுக்கொண்டு அங்கேயே கஞ்சியும் காய்ச்சியிருக்கிறார். சாயங்காலம் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? அன்று தவணைத் தேதி. நொண்டிக்கொண்டே ரஹாங்குக்குப் போய்க் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் கட்டியிருக்கலாமேம்மா!"

"நாளைக்குக் கட்டுனா ஒண்ணுன்னு போட்ருவானேண்ணே."

ஒரு நாள் தாமதத்துக்கு ஒன்று விழாது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. வாயை மூடி வைத்திருப்பது எனக்கு அப்போது பழக்கமாகியிருந்தது.

பன்னிரண்டு மாதம் முடிந்தது. தீர்வுக் கடிதம் ஒரு கையில், அறிக்கை ஒரு கையில். பன்னிரண்டு கட்டத்திலும் சுழியம். தமிழ் அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கொடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா பழைய விசயம் இருக்கறதால ஜாமீன் ஒருத்தர் கேக்குறாங்க."

ரெஜினா உடனே எழுந்துவிட்டார். "அப்ப வேணாம்மா. யாருகிட்டயும் போய், எனக்காக உன் பேரக் கொடுன்னு நான் கேக்க மாட்டேன். கொடுத்தவளுக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் மோட்டரு ஓட்டுறேன்."

முழங்கால் தழும்பு என் கண்முன்னால் இருந்தது. வெளியே மழைக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு விரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் நிக்கிறேன். என் பேரைப் போடுங்க!"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம்தான் நான் கதாநாயகன்.

"விக்கிறவரே ஜாமீன் நிக்கிறது எங்க வழக்கத்துல இல்ல அங்கிள், கேட்டுப் பாக்கணும்," என்றார் அதிகாரி. "அதுக்கு முன்னாடி உங்க அறிக்கைய எடுத்துப் பாத்துட்டீங்களா?"

"என் பேருக்கு என்னம்மா? முப்பது வருஷமா ஊருக்கே கடன் வாங்கிக் கொடுக்கறவன்!"

கீழ்த்தளக் கவுண்டரில் கேட்டு என் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தேன். மின்தூக்கியில் வரும்போதுதான் பிரித்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய சின்னக் கடன் ஒன்று. கமிஷன் வந்த மாதம் கட்டுவேன், வராத மாதம் மறந்துவிடுவேன். பேங்கு மறக்கவில்லை. மின்தூக்கி மேலே போய்க்கொண்டிருந்தது. நான் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

அறைக்குள் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நுழைந்தேன்.

"காட்டுங்கண்ணே," என்றார் ரெஜினா.

"கண்ணாடி கொண்டாரலம்மா."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். கொடுங்க."

வாங்கிப் பிரித்தார். சத்தமாக வாசித்தார். "சுழியம், ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, சுழியம், ஒண்ணு, ரெண்டு... என்னண்ணே இது, போன் நம்பரா?"

அதிகாரி ஒரு ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

"இந்த ஆளா எனக்குப் பேரு வாங்கிக் கொடுக்க வந்தாரு? தேதி தவறாதீங்கம்மா, தேதி தவறாதீங்கம்மான்னு ஒரு வருஷமா என் உயிர எடுத்தாரும்மா இவரு!"

சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்பினால் வந்ததில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஜாமீன் இல்லை என்றால் கார் இல்லை.

அதிகாரிதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். ஏதேதோ தட்டிப் பார்த்தார். "கடன் தொகை கொறைஞ்சா ஜாமீன் இல்லாமக் கேட்டுப் பாக்கலாம். முன்பணம் இன்னும் நாலாயிரம் கூடப் போட முடியுமா ஆண்ட்டி?"

ரெஜினா தன் பையைப் பார்த்தார். நாலாயிரம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேங்கு அல்லவா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா சாவாவில் குலுக்கல். சீட்டு பவானிக்கு விழுந்தது. நான் அங்கே இல்லை, ரெஜினா சொன்னதுதான். பவானி அந்தப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் ரெஜினாவின் பக்கம் தள்ளியிருக்கிறார். 'உன் முறை வரும்போது எனக்குக் கொடு. ஆனா தைப்பூசத்துக்கு எங்க எல்லாரையும் நீதான் ஏத்திட்டுப் போகணும், சொல்லிட்டேன்.' அஞ்சு பேர் உட்காரும் காருக்கு அன்றைக்கே இருபது பங்காளிகள் சேர்ந்துவிட்டார்கள்.

கடன் கிடைத்தது. சொந்தப் பேரில், ஜாமீன் இல்லாமல். சாவி கொடுத்த அன்று தவுக்கே ஒரே ஒரு விரலைக் காட்டினார், கட்டைவிரல். ரெஜினா உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைச் சரி செய்தார். மழை தூறியது. துடைப்பானைப் போட்டுவிட்டு, அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, உங்க கடனுக்கு எத்தனாம் தேதி?"

"எட்டாந்தேதி. ஏம்மா?"

"சும்மாத்தான்."

தம்பிகளே, தங்கைகளே, வாடிக்கையாளரின் அறிக்கையைக் கேட்பதற்கு முன் உங்களுடையதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் நீங்கள் பேசும் தொனியே வேறாக இருக்கும். என் பெயர் எப்படிச் சரியானது என்று கேட்டால், நான் திருந்திவிட்டேன் என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உள்ளது இதுதான். அடுத்த மாதம் ஏழாம் தேதி காலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. கஞ்சிப் பானை இல்லை. 'அண்ணே நாளைக்கு எட்டு.' இரண்டு கை கூப்பிய படத்தைப் பதிலுக்கு அனுப்பினேன்.

எட்டாம் தேதி மதியம் மறுபடியும் வந்தது.

'கும்பிடு வேணாம்ணே. ரசீதப் போடுங்க.'

போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான்.